மூன்று நிமிடப் பெட்டி

"லேப்டாப்பா? பிரிண்டரா? கேமரா மாட்டணுமா? வா கசேரா, மேல வா, சும்மா பாரு, பார்க்கறதுக்குக் காசா பணமா?"

வில்சன் சாலையில் காலை ஒன்பதரைக்கே ஆள் பிடிப்பவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். லிமாவில் விற்பவருக்கு வாங்குபவர் கசேரா, வாங்குபவருக்கு விற்பவரும் கசேராதான். ஒருவன் மைரெலிஸின் தோள்பையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூடவே வந்தான். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே முதலாளியம்மா செனோரா செனைடா கொடுத்த பண உறை இருந்தது. நாலாயிரம் சோல். அதோடு எட்டாக மடித்த ஒரு காகிதம். நாலு நாளாக எழுதி எழுதி அடித்த பட்டியல்.

"எதுக்குப் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைச்சுக்கிட்டு வர? திருடன் இங்கதான் காசு இருக்குன்னு கண்டுபிடிச்சுடுவான்" என்றான் நில்டன். செனைடாவின் மகன். கையில் பாதி தின்ற பன்றிக்கறி ரொட்டி.

"நாலு மணிக்கு ஃபைனல், நில்டன். நீ இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."

"ஆறரை மணி நேரம் இருக்கு சாமா. ஒரு கம்ப்யூட்டர் வாங்க ஆறரை மணி நேரமா?"

சாமா என்பது எல்லை தாண்டி வந்த அவளுடைய நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல். நில்டன் வாயில் வரும்போது அதில் கேலி ஒட்டிக்கொண்டே வரும். அவள் படியேறினாள்.

லிமாவின் ஓரத்தில் கோமாஸ் மேட்டில் செனைடாவுக்குப் பதினாலு கணினி போட்ட விளையாட்டுக் கூடம். எட்டு மாதமாக மைரெலிஸ் அங்கே கவுண்டரில் உட்கார்ந்து மணிக்கணக்கில் நேரமும் சிப்ஸ் பாக்கெட்டும் விற்றுவந்தாள். அங்கே இப்போது ஒரு போட்டி. பதினாறு அணி, அணிக்கு ஐந்து பேர். ஃபைனலுக்கு வந்த இரண்டில் ஒன்று நில்டனின் அணி. மூன்று கிளை வைத்திருக்கும் செருப்புக் கடைக்காரர் ஒருவர் பரிசு தருகிறார். இன்றைய ஃபைனல் நேரலையாகப் போகவேண்டும், முடிந்த கையோடு சிறந்த தருணங்களை வெட்டி ஒட்டி ஐந்து நிமிட வீடியோ ஒன்று செய்து ஏழு மணிக்குள் அவர் கடையின் பெரிய திரைக்கு அனுப்பவேண்டும். பிடித்திருந்தால் மாதாமாதம் நடத்தலாம் என்று சொல்லியிருந்தார். போன சனிக்கிழமை இருக்கிற பழைய மெஷினில் முயன்று பார்த்தார்கள். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சண்டையின் நடுவில் படம் உறைந்துபோனது.

"நான் செய்யறேன் செனோரா. எங்க ஊர் மரகைபோவுல டிவி ஸ்டேஷன்ல மூணு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். சரியான மெஷின் இருந்தாப் போதும்" என்று மைரெலிஸ் சொல்லிவிட்டாள்.

செனைடா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "செஞ்சு காட்டு மகளே. செஞ்சா மாசச் சம்பளம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். சொதப்பினா கவுண்டர்தான், அதுவும் இருக்குமான்னு தெரியாது."

அந்த ஒப்பந்தம்தான். இந்த நாட்டில் அவள் தங்கும் அனுமதி மாதக் கடைசியில் முடிகிறது. வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால் குடியேற்ற அலுவலகத்தில் பேச ஒரு வழி உண்டு என்று அங்கே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அதை அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இரண்டாம் மாடியில் மெல்ச்சோரின் கடை ஒரு அலமாரி அகலம்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வேகவைத்த சோளத்தைப் பாலாடைக்கட்டியோடு கடித்துக்கொண்டிருந்தார். மைரெலிஸ் பட்டியலைப் பிரித்து வைத்தாள்.

"கண்ணு, இதுக்கெல்லாம் ஒரு விலைச்சீட்டு போட்டுக் கொடேன்."

மெல்ச்சோர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அவ ஊர்ல எல்லாரும் கண்ணுதான் மாமா. பஸ் கண்டக்டர்கூட கண்ணுதான். மயங்கிடாதீங்க" என்றான் நில்டன்.

"மயங்கினாலும் விலை குறையாது தம்பி." அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பட்டியலைப் படித்தார். "பன்னிரண்டு கோர் ப்ராசஸர். ராம் முப்பத்திரண்டு. ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. எட்டு ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. இது விளையாடவா, வீடியோ வெட்டவா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னு வர்றவங்கதான் இந்தக் கடையில அதிகமாச் சண்டை போடறாங்க."

சண்டை உடனே தொடங்கியது. நில்டன் பட்டியலைப் பிடுங்கினான். "எட்டு ஜிபி கார்டா? பன்னிரண்டு வாங்கணும். கார்டுதான் மெஷினே. மத்ததெல்லாம் அதுக்குப் பெட்டி. ராமைப் பாதியாக்கு, ப்ராசஸரைக் குறை."

"குறைச்சா விளையாட்டு ஓடும். நேரலை ஓடிக்கிட்டே இருக்கறப்ப நான் பின்னாடி வீடியோ வெட்டணும், அது ஓடாது. மோட்டோடாக்சியில லாரி எஞ்சினை மாட்டற கதை அது. சத்தம் வரும், ஏத்தம் ஏறாது."

"யாருக்கு மெஷின்? விளையாட்டுக் கூடத்துக்கா, டிவி ஸ்டேஷனுக்கா?"

"இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கேட்டது யாரு? உன் அணியா, செருப்புக் கடைக்காரரா?"

மெல்ச்சோர் சோளத்தைக் கடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விலைச்சீட்டை எழுதி நீட்டினார். கார்டின் விலையில் நில்டனின் விரல் நின்றது.

"இதே கார்டு மூணாவது மாடியில நானூறு கம்மி. நம்ம பையன் ஒருத்தன் விக்கறான். அந்தக் காசுல பெருசே வாங்கலாம். வா."

மேலே ஏறினார்கள். நம்ம பையன் தலைமுடியைப் பச்சையாக்கியிருந்தான். கார்டை அட்டைப்பெட்டி இல்லாமல் ஒரு குமிழித்தாளில் சுற்றி எடுத்து வந்தான். "புத்தம் புதுசு காவ்சா. பெட்டி மட்டும் மழையில நனைஞ்சுபோச்சு" என்றான் நில்டனிடம். காவ்சா என்றால் கூட்டாளி.

மழையே பெய்யாத லிமாவில் மழையா என்று மைரெலிஸ் கேட்கவில்லை. கார்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். நாள்கணக்கில் வறுபட்ட தூசியின் வாடை. ஆணித் தலைகளில் கீறல். விசிறியை விரலால் சுண்டினாள். ஒன்று சுற்றியது, மற்றொன்று தலையாட்டிப் பொம்மைபோல் ஆடிக்கொண்டே சுற்றியது.

"மாட்டி ஒரு இருபது நிமிஷம் முழு வேகத்துல ஓட்டிக் காட்டு."

"ஓட்டினா புதுசு இல்லாமப் போயிடுமே."

"கிரிப்டோ நாணயம் தோண்டற கொட்டகையில ரெண்டு வருஷம் ராப்பகலா ஓடினது இது. இன்னும் இருபது நிமிஷம் ஓடினா செத்தா போயிடும்?" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். பச்சைத் தலையன் கார்டைப் பிடுங்கிச் சுற்றினான். "யாருடா இது, உன்னோட வந்தது? சுங்க அதிகாரியா?"

படியிறங்கும்போது நில்டனின் காது சிவந்திருந்தது. "எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? தனியாச் சொல்லக்கூடாதா?"

"நீ காசை எடுத்து நீட்டப் போனியே."

"பெரிய இவ. உனக்கு ஒரு தப்பும் வராதா? பார்த்துக்கறேன்."

மணி பதினொன்றே முக்கால். மெல்ச்சோர் எல்லாம் புரிந்துகொண்டவர்போல் எட்டு ஜிபி கார்டை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டி பிரிக்காதது. பக்கத்தில் ப்ராசஸர், போர்டு, எஸ்எஸ்டி, எல்லாவற்றையும் அடக்கும் கூடு. ராமை ஒரே துண்டாக வைத்தார். "ஒண்ணா வேண்டாம் கண்ணு, பதினாறு பதினாறா ரெண்டு கொடு, அப்பதான் வேகமா ஓடும்" என்றாள். மாற்றிக் கொடுத்தார். உறையில் மிச்சம் இருநூறு சோல்.

"இருநூறுக்கு நல்ல பவர் சப்ளை இருக்கு" என்றார் மெல்ச்சோர். கறுப்பாக, கனமாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "எந்த ஊர்க் கரண்டா இருந்தாலும் தானே புரிஞ்சுக்கும். அஞ்சு வருஷம் கவலை இல்ல."

மைரெலிஸின் விரல் பட்டியலின் கடைசி வரிக்குப் போனது. "பாதுகாப்புப் பெட்டி ஒண்ணு வேணுமே. கரண்ட் ஏறி இறங்கினாத் தடுக்கறது."

"அது ஃபிரிட்ஜுக்குப் போடறது." மெல்ச்சோர் கொக்கியில் தூசி படிந்து தொங்கிய ஒன்றைக் காட்டினார். சோப்புப் பெட்டி அளவு. "அறுபது சோல். அதை வாங்கினா இந்த சப்ளை கிடையாது. நூத்தி முப்பதுக்கு வேற ஒண்ணு இருக்கு, சுமாரா ஓடும். நான் சொல்றதைக் கேளு கசேரா. நல்ல சப்ளையே ஒரு பாதுகாப்புதான்."

நில்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல கோழிக்கறி வைக்கப்போறியா? லிமாவுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சே, ஒரு தடவையாவது கரண்ட் போச்சா?"

"ரெண்டு தடவை போச்சு."

"அது அம்மா பில் கட்டலை!"

மெல்ச்சோர்கூடச் சிரித்தார். மைரெலிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மரகைபோவில் மின்சாரம் போவதற்கு யாரும் பயப்படுவதில்லை. திரும்பி வரும்போதுதான் பயம். வருகிற வேகத்தில் ஒரு வருடம் அம்மாவின் ஃபிரிட்ஜைத் தின்றது, அடுத்த வருடம் டிவியை. ஸ்டேஷனில் அவள் உட்கார்ந்திருந்த மெஷினை அவள் கண் முன்னாலேயே தின்றது. மூன்று வார வேலை அதோடு போயிற்று. இவர்கள் சொல்வது நியாயம் என்று தலைக்குத் தெரிந்தது. வயிறு கேட்கவில்லை.

"அந்தப் பெட்டியும் வேணும். நூத்தி முப்பது சப்ளையே போதும்."

"உங்க இஷ்டம்" என்றார் மெல்ச்சோர், நல்லதை அலமாரியில் திரும்ப வைத்தபடி.

மலிவான சப்ளை இலேசாக இருந்தது. பின்பக்கத்தில் நகமளவு ஒரு சிவப்பு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் 115, மறுபக்கம் 230. மெல்ச்சோர் அது 230 பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். லிமாவில் சுவரிலிருந்து வருவது இருநூற்று இருபது.

கோப்பதற்குக் கடைக்குள்ளேயே ஆள் இருந்தார். அவர் இரண்டு ராமையும் பக்கத்துப் பக்கத்தில் சொருகப் போனபோது மைரெலிஸ் கையை நீட்டித் தடுத்தாள். "ஒண்ணு விட்டு ஒண்ணு, அண்ணா." படம் வந்தது. அவள் கொண்டுவந்த டிஸ்க்கிலிருந்து நேரலை மென்பொருள், வெட்டுகிற மென்பொருள், செருப்புக் கடையின் முத்திரைப்படம் எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றினாள். முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். சூடு கட்டுக்குள் நின்றது. நில்டன் ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தான். முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க இருமினான்.

மெல்ச்சோர் கூட்டின் ஆணிகள்மேல் காகித முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். "என் கண்ணு முன்னாடி ஓடிச்சு, உங்க கண்ணு முன்னாடி ஓடிச்சு. உள்ள சாமான் கெட்டா நான் பொறுப்பு. நீங்க எரிச்சா நீங்க பொறுப்பு. படி இறங்கிட்டா பேச்சு கிடையாது. இங்க அதான் வழக்கம்."

டாக்சியில் கூடு மைரெலிஸின் மடியில் இருந்தது. டூபாக் அமாரு சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வானம் வழக்கம்போல் கழுவாத பாத்திரமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கூட்டைத் தொடையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். இரண்டரை. மூன்று. மூன்று பத்து. செனைடா நாலு முறை அழைத்துவிட்டாள்.

கூடத்தில் நுழைந்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு. நில்டனைத் தவிர மற்ற ஒன்பது ஆட்டக்காரர்களும் காதுக்கருவி மாட்டித் தயாராக இருந்தார்கள். சுவரோரம் அறுபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செருப்புக் கடைக்காரர், மடியில் தொப்பி.

"வந்துட்டாங்கய்யா மணப்பொண்ணும் மாப்பிள்ளையும்!" என்று யாரோ ஒருவன் கத்தினான். விசில் பறந்தது.

செனைடா மூலை மேசையைக் கையால் காட்டினாள்.

மைரெலிஸ் மேசைக்கடியில் நுழைந்தாள். இருட்டு, பழைய ஒயர்கள், சிப்ஸ் தூள். பாதுகாப்புப் பெட்டியைச் சுவரில் சொருகினாள். கூட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வழியில்லை; கையால் தடவித் தடவித்தான் மாட்டவேண்டும். திரை ஒயர். இணைய ஒயர். கீபோர்டு. மைக். வெளியே கால்கள் தரையைத் தட்டின, ஒரே தாளத்தில். அவள் கை மட்டும் பதறாமல் வேலை செய்தது. ஸ்டேஷனில் எத்தனை மெஷின் இப்படி மாட்டியிருக்கும் அந்தக் கை. கட்டைவிரல் எதையோ ஓரமாகத் தள்ளியது. க்ளிக். பவர் ஒயரைச் சொருகி, மறுமுனையைப் பாதுகாப்புப் பெட்டியில் சொருகி அதன் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள்.

"என்ன, ஒண்ணும் வரலை?" நில்டன் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தான்.

"மூணு நிமிஷம். இது முதல்ல கரண்டைப் பார்க்கும். சரியா இருக்குன்னா பச்சை எரியும். அப்பதான் உள்ள விடும்."

"மூணு நிமிஷமா? மணி மூணே முக்கால்! நேரலையை நாலு மணிக்கு ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னாடி சரிபார்க்கணும்!"

"மூணு நிமிஷம்தான் நில்டன்."

"டேய், அந்தப் பெட்டி பவுடர் போட்டுப் பூ வெச்சுக்கிட்டுத்தான் வெளிய வருமா?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். செருப்புக் கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு செனைடாவைப் பார்த்தார். செனைடா மைரெலிஸைப் பார்த்தாள்.

மைரெலிஸ் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். வீட்டில் மின்சாரம் திரும்பியதும் எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள். அம்மா ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவாள். அவளும் எண்ண ஆரம்பித்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. அந்த மெஷின் போன பிறகு ஸ்டேஷனிலும் இதே பாதுகாப்புப் பெட்டிதான். புது சப்ளை எது வந்தாலும் 230இல் வைத்தே அனுப்புவார்கள். அப்படியே மாட்டினால் மெஷின் எழுந்திருக்காது. ஊரில் வருவது நூற்றுப்பத்து. அதனால் சப்ளையின் அட்டையைப் பிரித்த கையோடு முதல் வேலை அந்தச் சிவப்பு சுவிட்சை 115க்குத் தள்ளுவது. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. செருப்பை மாட்டுவதுபோல் ஒரு வேலை. எழுபது. எழுபத்தொன்று.

கட்டைவிரல்.

அவள் விரலைத் தூக்கிப் பார்த்தாள். ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல. க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டதே, அது என்ன? திரை ஒயரின் கொக்கியா? இல்லை. திரை ஒயர் அதற்கு முன்பே மாட்டியாயிற்று. சுவிட்சைத் தள்ளியிருக்கிறாள். இருநூற்று இருபது வரும் சுவரில், நூற்றுப்பதினைந்து என்று தள்ளிவைத்திருக்கிறாள். பச்சை எரிந்த மறு நொடி சப்ளை வெடிக்கும். அதோடு போர்டும் கார்டும் போனாலும் போகும். ஆணிமேல் காகித முத்திரை. நீங்க எரிச்சா நீங்க பொறுப்பு.

குனிந்து சத்தம் போடாமல் அதைத் திரும்பத் தள்ளிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தால்...

"தள்ளு சாமா." நில்டன் அவளை முழங்கையால் விலக்கிவிட்டு மேசைக்கடியில் நுழைந்தான். "இந்தக் கோழிப்பெட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேரா சுவர்ல சொருகறேன்."

அவன் முதுகு வழியை அடைத்துக்கொண்டது. பாதுகாப்புப் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

அப்போது ஒரு எண்ணம் வந்தது, தெளிவாக, யாரோ காதில் சொன்னதுபோல. அவன் பிடுங்கியதை அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் அம்மாவே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது வெடித்தால் அவன் தலையில்தான் விடியும். பெட்டி வேண்டும் என்றவள் இவள், வேண்டாம் என்றவன் அவன். வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஒயரின் முனை சுவரில் ஓட்டையைத் தேடி உரசியது.

"நில்டன், நிறுத்து! சொருகாத!" அவள் தரையில் விழுந்து அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். "சொருகாத, வெடிச்சுடும்! நான் தப்பு பண்ணிட்டேன்! பின்னாடி சுவிட்சை மாத்தி வெச்சுட்டேன்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. காதுக்கருவி மாட்டியவர்கள்கூட அதைக் கழற்றினார்கள். நில்டன் ஒயரைக் கையில் பிடித்தபடியே அசையாமல் இருந்தான். பிறகு கைபேசி விளக்கைப் போட்டுக் கூட்டின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"நூத்திப்பதினஞ்சு" என்றான் மெல்ல. "அடிப்பாவி. என் மூஞ்சிக்கு நேரா இருக்குடி இது."

"யார் தள்ளினது?" செனைடாவின் குரல் பக்கத்தில் கேட்டது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"நான்தான் செனோரா." மைரெலிஸ் எழுந்து நின்றாள். செருப்புக் கடைக்காரர் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார், கிளம்பப் போகிறவர்போல. "எங்க ஊர்ல நூத்திப்பத்து. புதுசு வந்தா முதல்ல அதைத்தான் தள்ளுவோம். நான் நினைச்சுச் செய்யலை, கை தானாப் போயிடுச்சு. நில்டன் பேர்ல தப்பு இல்ல."

"கை தானாப் போயிடுச்சா?" என்றாள் செனைடா.

"ஆமா செனோரா."

செனைடா மேசைக்கடியில் கையை விட்டு, நீட்டி வளர்த்த சுண்டுவிரல் நகத்தால் சுவிட்சை மறுபக்கம் தள்ளினாள். க்ளிக். அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். நில்டன் ஒயரை மறுபடி சுவர்ப்பக்கம் கொண்டுபோனான்.

"அங்க இல்ல" என்றாள் செனைடா. "அவ பெட்டியில சொருகு."

"அம்மா, மணி மூணு அம்பது. இன்னொரு மூணு நிமிஷமா?"

"இப்ப அந்த மூணு நிமிஷம் இல்லாம, மூணேமுக்காலுக்கே கரண்ட் மெஷினுக்குள்ள பாய்ஞ்சிருந்தா என்னடா ஆகியிருக்கும்? சொருகு."

சிவப்பு விளக்கு எரிந்தது. இம்முறை யாரும் விசில் அடிக்கவில்லை. யாரோ ஒருவன் சுவரோரத்திலிருந்து மெல்ல எண்ண ஆரம்பித்தான், பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். நூறு தாண்டியபோது கூடம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது. மைரெலிஸ் மட்டும் எண்ணவில்லை. 230 பக்கம்தானே தள்ளினாள்? பாதியில் நின்றிருக்குமோ? குனிந்து பார்த்தாள். திரும்பவும் குனிந்து பார்த்தாள்.

நூற்று எழுபத்தெட்டில் பச்சை வந்தது.

அவள் கூட்டின் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. செருப்புக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி மடியில் வைத்தார். நேரலை நாலு மணி ஆறு நிமிடத்துக்குத் தொடங்கியது.

அதன் பிறகு அவளுக்குப் பயப்பட நேரம் இல்லை. ஒரு திரையில் ஆட்டம் ஓடியது, மறு திரையில் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். நல்ல சண்டை வரும்போதெல்லாம் ஒரு விசையைத் தட்டி அடையாளம் வைத்தாள். ராமின் முப்பத்திரண்டு ஜிபியில் இருபத்தெட்டு நிரம்பி நின்றது. பதினாறு வாங்கியிருந்தால் முதல் ஆட்டத்திலேயே மூச்சு முட்டியிருக்கும். எண்ணூறு பேர் பார்த்தார்கள், பிறகு ஆயிரத்து இருநூறு. ஒருமுறைகூடப் படம் நிற்கவில்லை. நில்டனின் அணி மூன்றாவது ஆட்டத்தில் தோற்றது, அதுவும் அவன் தனியாக முன்னே ஓடிப்போய் ஐந்து பேர் நடுவில் மாட்டிக்கொண்டதால்.

ஆறரைக்கு அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"நான் சாகறதை வெட்டிடு."

"அதுதான் இன்னிக்கு ஆயிரத்து இருநூறு பேரும் கைதட்டின இடம்."

"சாமா, தயவு பண்ணு. அது மூணு செருப்புக் கடையில ஓடப்போகுது."

"உன் மூஞ்சி தெரியாது. பேர் மட்டும்தான் வரும்."

"என் காலைப் பிடிச்சு இழுத்தியே, அந்தச் சிராய்ப்புக்காகவாவது." அவன் காற்சட்டையைத் தூக்கிக் காட்டினான். நிஜமாகவே அவள் நகம் பட்டுச் சிவந்திருந்தது. அவள் யோசித்தாள். பேரை மட்டும் மறைத்துவிட்டு சாவை அப்படியே விட்டாள்.

வீடியோ ஆறு நாற்பத்தேழுக்கு முடிந்தது. அனுப்பியது ஆறு ஐம்பத்திரண்டுக்கு. ஏழு மணி நாலு நிமிடத்துக்குச் செருப்புக் கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று எடுத்த படம் செனைடாவின் கைபேசிக்கு வந்தது. பெரிய திரை, அதன் கீழே நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஆட்கள். படத்தோடு ஒரு வார்த்தையும் எழுதவில்லை அவர். கட்டைவிரல் ஒன்று மட்டும், மேலே பார்த்தபடி.

கூட்டம் கலைந்த பிறகு செனைடா ஒரு கறுப்பு டேப்போடு வந்தாள். பல்லால் கிழித்து, மேசைக்கடியில் கையை விட்டு, சிவப்பு சுவிட்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள்.

"என் மெஷினை எரிச்சிருப்ப."

"ஆமா செனோரா."

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் நில்டனைத்தான் அடிச்சிருப்பேன்."

மைரெலிஸ் தரையைப் பார்த்தாள். "தெரியும்."

"தெரிஞ்சும் வாயைத் திறந்தியே, எனக்கு அதுதான் வேணும்." செனைடா டேப் சுருளைக் கையில் வளையல்போல் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கவுண்டர் விளக்கை அணைத்தாள். கதவுக்குப் போகும் வழியில் திரும்பாமலே சொன்னாள்: "திங்கக்கிழமை பாஸ்போர்ட் நகல் ரெண்டு எடுத்துட்டு வா. பதினோரு மணிக்கு வந்தாப் போதும், அதுக்கு முன்னாடி நோட்டரி கதவையே திறக்க மாட்டான். அப்புறம் அந்த மெல்ச்சோர்கிட்ட கேளு, ஃபிரிட்ஜ் பெட்டி இன்னொண்ணு இருக்கான்னு. வீட்டு ஃபிரிட்ஜுக்கு."

"கேக்கறேன் செனோரா."

"பேரம் பேசு. கண்ணுன்னு கூப்பிட்டுட்டு அவன் சொல்ற விலையைக் கொடுத்துட்டு வந்துடாத."

மைரெலிஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேட்டுப் படியில் பத்துப் படி இறங்கியிருப்பாள். நின்றாள். திரும்ப ஏறி வந்து, கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நில்டனிடம் ஒரு நிமிடம் என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனாள். இருட்டில் மேசைக்கடியில் குனிந்து, டேப் ஒட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.